14-ஆம் நாளில் போட்ட கோடு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கருவின் முதல் வாரம் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டெம் செல் பற்றியவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாமென்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

முட்டையும் விந்தணுவும் சேர்ந்த நொடியிலேயே குட்டியாக ஒரு குழந்தை உருவாகி, அப்புறம் அது பெரிதாகிக்கொண்டே போகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்கிறார் எங்கள் பேராசிரியர். முதல் இரண்டு வாரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது மேடம்?
(கல்லூரி மாணவி)

பேராசிரியர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் நினைத்ததும் புதிதில்லை. 1694-இல் நிக்கோலாஸ் ஹார்ட்சூக்கர் என்ற டச்சு ஆய்வாளர், விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பதாகப் படமே வரைந்து அச்சிட்டார்.

சினைமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நல்ல வெளிச்சத்தில் கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தூசி மாதிரித் தெரியும். விந்தணு உள்ளே போய் ஒரு நாள் கழித்து அது இரண்டு செல்லாகிறது, இரண்டாம் நாள் நான்கு, மூன்றாம் நாள் எட்டு வாக்கில். செல்களின் எண்ணிக்கைதான் கூடுகிறதே தவிர கரு துளியும் பெரிதாவதில்லை, ஒரே களிமண் உருண்டையைத் துண்டு துண்டாக வகுத்துக்கொண்டே போவது போல. மூன்றாம் நாள் வரை பெரும்பாலும் அம்மாவின் முட்டையில் ஏற்கெனவே இருந்த சரக்கை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது, அதற்குப் பிறகுதான் கருவின் சொந்த மரபணுக்கள் முழுமூச்சாக வேலையில் இறங்குகின்றன. நிறைய கருக்கள் அந்த இடத்தைத் தாண்டுவதே இல்லை. அம்மாவுக்கே தெரியாமல் நின்றுபோகின்றன.

ஐந்தாம் நாள்தான் எனக்குப் பிடித்த நாள். நான் சில வருடங்கள் கருத்தரிப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். காலையில் இன்குபேட்டரைத் திறந்து கிண்ணத்தை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், நேற்றுவரை கெட்டியான பந்தாக இருந்த கரு உள்ளே நீர் கோத்து ஒரு குமிழியாக விரிந்திருக்கும். இதைத்தான் பிளாஸ்டோசிஸ்ட் என்கிறோம், 100 முதல் 200 செல்கள் இருக்கும். சில சமயம் அது திடீரென்று சுருங்கி மறுபடி விரியும், மூச்சு விடுகிறதோ என்று தோன்றும், ஆனால் மூச்சு இல்லை, உள்ளிருக்கும் நீர் கசிந்து மீண்டும் நிறைவதுதான். அப்புறம் கருவைச் சுற்றியிருக்கும் ஓடு மெலிந்து ஒரு இடத்தில் கிழிய, அந்தச் சந்து வழியாகக் கரு பிதுங்கி வெளியே வரும். பாதி உள்ளே, பாதி வெளியே, எண் 8 போல இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

அந்தக் குமிழியின் வெளிச்சுவர்ச் செல்கள் நஞ்சுக்கொடியாக மாறப்போகிறவை. உள்ளே ஒரு ஓரமாக ஒட்டியிருக்கிற சின்னக் கொத்திலிருந்துதான் உடம்பு வரும், அதிலும் எல்லாச் செல்லும் இல்லை, ஒரு பகுதிதான். ஆறு, ஏழாம் நாளில் கரு கருப்பைச் சுவரில் புதையத் தொடங்குகிறது. 14, 15-ஆம் நாள் வாக்கில் அந்தத் தட்டையான செல் வட்டின் மேல் மெல்லிசாக ஒரு கோடு விழுகிறது, அதற்கு ஆதிக்கோடு என்று பெயர். தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம், இடது எது, வலது எது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. செல்கள் அந்தக் கோட்டின் வழியே உள்ளே இறங்கி மூன்று அடுக்காகின்றன: வெளியடுக்கிலிருந்து தோலும் நரம்பும், நடுவிலிருந்து எலும்பும் தசையும் ரத்தமும், உள்ளடுக்கிலிருந்து குடலும் நுரையீரலின் உட்பூச்சும். 22-ஆம் நாள் வாக்கில் இதயமாகப் போகிற ஒரு குழாய் துடிக்க ஆரம்பிக்கிறது. 28-ஆம் நாள் வாக்கில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் மூடுகிறது.

ஸ்டெம் செல், குருத்தணு, மூலச்செல் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றா?

ஒன்றுதான். தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளவும் வேண்டும், வேறு வகைச் செல்லாக மாறவும் வேண்டும், இந்த இரண்டும் இருந்தால் அது ஸ்டெம் செல். உங்கள் எலும்பு மஜ்ஜையில் இருப்பவை ரத்தச் செல்களை மட்டும் தரும். ஐந்தாம் நாள் கருவின் உள்கொத்தில் இருப்பவை உடம்பின் எந்தச் செல்லாகவும் ஆகும். சுண்டெலியின் கருவிலிருந்து 1981-இல் அவற்றை எடுத்து வளர்த்தார்கள். மனிதக் கருவில் அதைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன், 1998-இல். கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுக்கலாமா என்ற சண்டை தொடங்கியதும் அந்த வருடம்தான்.

எங்களுக்கு ஐ.வி.எஃப் மூலம் இரண்டு குழந்தைகள். இன்னும் மூன்று கருக்கள் உறையவைத்து இருக்கின்றன. வருடா வருடம் படிவம் வருகிறது: தொடர்ந்து வைத்திருப்பதா, வேறு தம்பதிக்குக் கொடுப்பதா, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, அப்புறப்படுத்திவிடுவதா என்று. கணவர் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு அந்தத் தாளை எடுத்தாலே கை நடுங்குகிறது. அவை என் பிள்ளைகளின் கூடப்பிறந்தவை இல்லையா?

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று நான்கு தரம் படித்தேன். இந்தக் கேள்வியை என்னிடம் நேரிலும் கேட்டிருக்கிறார்கள், அப்போது நான் சொன்ன பதில்கள் எனக்கே போதவில்லை. இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

முதலில், ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்பதை யாரும் உங்களிடம் பூசி மெழுகக் கூடாது. மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் இருக்கிற கருவை வெளியே எடுத்து, உறைநிலை கலைத்து, தேவைப்பட்டால் சில நாள் வளர்ப்பார்கள். ஸ்டெம் செல் எடுப்பதென்றால் உள்கொத்தைப் பிரித்தெடுப்பார்கள். அதோடு அந்தக் கரு கரு என்ற நிலையில் முடிந்துபோகிறது, அந்தச் செல்கள் மட்டும் கிண்ணத்தில் பெருகிக்கொண்டே இருக்கும், பல வருடங்கள்.

'எப்படியும் கொட்டப்போகிறார்கள், ஆராய்ச்சிக்காவது போகட்டுமே' என்று பலர் சொல்வார்கள், உங்கள் கணவரும் சொல்லியிருக்கலாம். அந்த வாதம் மட்டும் எனக்குப் போதவில்லை. சாகப்போகிற ஒரு மனிதரை எப்படியும் சாகப்போகிறாரே என்று நாம் எடுத்துப் பயன்படுத்துவதில்லையே. ஆக அந்தக் கரு என்ன என்ற கேள்விக்கு வராமல் தப்பிக்க முடியாது. என் பதில் இது: ஐந்தாம் நாள் கருவில் ஒரு நரம்புச் செல் கூட இல்லை. அதற்கு வலியும் இல்லை, பயமும் இல்லை, நினைவும் இல்லை. அது ஒரு ஆளாக வளருமா, இரண்டாகப் பிரிந்து இரட்டையராகுமா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதனால் அதை என்னால் குழந்தை என்று சொல்ல முடியவில்லை. ஆனால் உங்கள் கை நடுங்குவதையும் நான் அறியாமை என்று சொல்லமாட்டேன். எத்தனை ஊசி, எத்தனை மாதக் காத்திருப்பு, எத்தனை அழுகை அந்தத் துளிக்குப் பின்னால் இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஆய்வகத்தில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று சொல்கிறேன். தம்பதி கையெழுத்துப் போட்டு அப்புறப்படுத்தச் சொன்ன நாளில், இரண்டு பேர் சேர்ந்து பெயரையும் எண்ணையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்போம், அது விதி. விதியில் இல்லாத ஒன்றும் நடக்கும். அந்த நேரம் ரேடியோவை யாராவது நிறுத்திவிடுவார்கள். யாரும் சொல்லி வந்த பழக்கமில்லை அது. ஒரு முறை ஒரு அம்மா தன் கரு எதில் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். உறைநிலையில் இருப்பதை வெளியே எடுக்க முடியாது, அதனால் அதே மாதிரி ஒரு காலிக் குச்சியைக் காட்டினேன், மெல்லிய பிளாஸ்டிக், நுனியில் ஒரு கலர் மூடி, அவ்வளவுதான். அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் வீட்டுக்குப் போய் யோசித்து, ஆராய்ச்சிக்குத் தருவதாக எழுதி அனுப்பினார். இன்னொரு தம்பதி வேண்டாமென்றார்கள். இரண்டு முடிவும் எனக்குத் தவறாகப் படவில்லை.

கொடுப்பதாக இருந்தால் இவற்றைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த ஆராய்ச்சிக்கு? கருவின் ஆரம்ப வளர்ச்சியைப் பார்க்கவா, நிரந்தரமாகப் பெருகும் செல் வரிசை உண்டாக்கவா? செல் வரிசை என்றால் அது பல நாட்டு ஆய்வகங்களுக்குப் போகலாம், அதிலிருந்து மருந்து வந்து யாராவது லாபமும் பார்க்கலாம், உங்களுக்கு அதில் பங்கு இருக்காது. பெயரை நீக்கிவிடுவார்கள், மரபணுவை நீக்க முடியாது, அது உங்களுடையதும் உங்கள் கணவருடையதும்தான். மனம் மாறினால் எந்தக் கட்டம் வரை திரும்பப் பெறலாம் என்று எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் செல் வரிசை உண்டான பிறகு அதைத் திரும்பப் பெறுவது நடக்காத காரியம். உங்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவரே ஆராய்ச்சிக்காரராகவும் வந்து கேட்டால், வேறொருவர் வந்து விளக்கட்டும் என்று சொல்லுங்கள், நன்றிக்கடனில் போடுகிற கையெழுத்து சம்மதம் ஆகாது. அப்புறம், இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். கணவர் தயாராக இருக்கிறார் என்பதற்காக நீங்கள் தயாராகிவிட வேண்டியதில்லை. படிவத்தில் முதல் கட்டம் இருக்கிறதே, தொடர்ந்து வைத்திருப்பது என்று, இந்த வருடம் அதை டிக் செய்யுங்கள். அந்தக் குளிரில் கருவுக்கு வயதாவதில்லை.

14-ஆம் நாள் வரை கருவை வைத்து ஆய்வு செய்யலாம், 15-ஆம் நாள் செய்தால் குற்றம் என்றால் ஒரே நாளில் என்ன வந்துவிடுகிறது? எனக்கென்னவோ இது வசதிக்காகப் போட்ட கணக்கு மாதிரித் தெரிகிறது.
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, கோடு மனிதர்கள் போட்டதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காற்றில் போட்ட கோடும் இல்லை.

1978-இல் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்த பிறகு, உடம்புக்கு வெளியே கரு இருக்கிறதே, இதை யார் என்ன செய்யலாம் என்று உலகமே கேட்டது. அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு ஒன்று 1979-இலேயே 14 நாள் என்றது. பிரிட்டனில் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1984-இல் வந்த அறிக்கையும் 14 நாளே சொன்னது, 1990-இல் அது அங்கே சட்டமானது. ஏன் 14 என்றால், மேலே சொன்ன அந்த ஆதிக்கோடுதான். அது விழுவதற்கு முன் கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம், விழுந்த பிறகு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. 'இது ஒருவர்' என்று சொல்ல உடலளவில் கிடைக்கிற முதல் அடையாளம் அது. வாக்களிக்கும் வயதை 18 என்று வைத்திருக்கிறோமே, பிறந்தநாளுக்கு முந்தின இரவுக்கும் மறுநாள் காலைக்கும் இடையே யாருக்கும் புத்தி வந்துவிடுவதில்லை, ஆனாலும் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு எண் இல்லாமல் சட்டம் நடக்காது.

இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். கருத்தரித்த கணத்திலிருந்தே மனித உயிருக்குரிய மரியாதை வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை. இஸ்லாமிய அறிஞர்கள் பலர் 120-ஆம் நாளில் உயிர் ஊதப்படுகிறது என்று கொள்கிறார்கள். யூத மரபில் முதல் 40 நாள் தனிக் கணக்கு. ஜெர்மனி 1990-லேயே சட்டம் போட்டுக் கருவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதைத் தடுத்தது, வெளிநாட்டில் ஏற்கெனவே உண்டாக்கிய செல் வரிசைகளை மட்டும் நிபந்தனையோடு வரவழைத்துக்கொள்ளலாம் என்று 2002-இல் இன்னொரு சட்டம் வந்தது. தாங்கள் செய்ய மறுத்ததை வேறு நாட்டிலிருந்து வாங்கிக்கொள்வது சரியா என்று அந்த நாட்டிலேயே கேட்டார்கள், நியாயமான கேள்விதான்.

உங்கள் சந்தேகத்தில் ஒரு உண்மையும் இருக்கிறது. அந்த விதி வந்தபோது யாராலும் கருவை 14 நாள் வளர்க்கவே முடியவில்லை, அதனால் விதியை மதிப்பது சுலபமாக இருந்தது. 2016-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் 12, 13-ஆம் நாள் வரை கொண்டுபோய், விதிக்காகவே நிறுத்தினார்கள். 2021-இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கம், 14 நாளைத் தாண்டவே கூடாது என்ற தன் தடையை எடுத்துவிட்டு, அந்தந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால், மக்களும் ஏற்றுக்கொண்டால், தனித்தனியாகப் பரிசீலிக்கலாம் என்றது. பிறவிக் கோளாறுகள் பல மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் தொடங்குகின்றன, அங்கே என்ன நடக்கிறது என்று நமக்குச் சரியாகத் தெரியாது, ஆகவே தாண்டிப் பார்க்க வேண்டும் என்பவர்களின் காரணம் பொய்யில்லை. இருந்தாலும் கோட்டைத் தொட்டவுடனே கோட்டை நகர்த்துவது எனக்குப் பிடிக்கவில்லை. நகர்த்துவதானால் ஊரறியப் பேசி, எங்கே நிறுத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நகர்த்த வேண்டும்.

தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றலாம் என்று வந்துவிட்ட பிறகும் கருவைத் தொடுவது ஏன்?

ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-இல் சுண்டெலியிலும் 2007-இல் மனிதரிலும் அதைச் செய்தார். நான்கே நான்கு மரபணுக்களைச் செலுத்தி, முதிர்ந்த செல்லைக் கருநிலைச் செல் போல ஆக்கினார். 2012-இல் நோபல் பரிசு, தவளையில் இதற்கு வழிகாட்டிய ஜான் கர்டனோடு சேர்த்து. தன் நண்பரின் கருத்தரிப்பு மையத்தில் நுண்ணோக்கி வழியாக ஒரு கருவைப் பார்த்தபோது, அதற்கும் தன் மகள்களுக்கும் வித்தியாசம் எவ்வளவு சின்னது என்று தோன்றியதாக யமனாகா சொல்லியிருக்கிறார். நானும் அதே மாதிரிக் கருவை ஆயிரம் முறை பார்த்தவள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அவருக்கு அப்படித் தோன்றியதால்தான் இப்படியொரு வழி கிடைத்தது, அதற்காக அவரை வணங்குகிறேன்.

ஆனாலும் கரு தேவைப்படுகிறது. மாற்றிய செல் ஒழுங்காக மாறியிருக்கிறதா என்று எதோடு ஒப்பிடுவது? கரு ஏன் ஆரம்பத்திலேயே நின்றுபோகிறது என்பதைத் தோல் செல் சொல்லாது. அப்புறம், முன்பே உண்டாக்கிய கரு ஸ்டெம் செல் வரிசைகள் இப்போதுதான் பலன் தரத் தொடங்கியிருக்கின்றன. 2025-இல் வெளியான ஒரு ஆய்வில், டைப் 1 சர்க்கரை நோயாளிகள் 12 பேருக்கு அப்படி வளர்த்த இன்சுலின் சுரக்கும் செல்களை முழு அளவு செலுத்தினார்கள். ஒரு வருடம் கழித்து 10 பேர் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். உடம்பு அந்தச் செல்களை விரட்டாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும், அது சின்ன விலை இல்லை.

கருவைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் முட்டை கொடுக்கிற பெண்ணைப் பற்றிப் பேசுவது குறைவு, அதுதான் என் ஆற்றாமை. தென்கொரியாவின் ஹ்வாங் வூ சுக், நகலாக்கம் (குளோனிங்) செய்த மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்ததாக 2004, 2005-இல் அறிவித்தார், பொய் என்று தெரிந்து 2006-இல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பொய்க்காக 2,000-க்கும் மேற்பட்ட சினைமுட்டைகள் செலவாகின, கொடுத்தவர்களில் அவருடைய ஆய்வகத்தின் இளநிலைப் பெண்களும் இருந்தார்கள். ஹார்மோன் ஊசிகள் போட்டுத்தான் அத்தனை முட்டை எடுக்க முடியும், சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். தன் மேலதிகாரி கேட்கும்போது ஒரு பெண்ணால் எப்படி முடியாது என்று சொல்ல முடியும்?

என் பேரனுக்கு ஆட்டிசம். ஸ்டெம் செல் ஊசி ஆறு தடவை போட்டால் பேச்சு வந்துவிடும் என்று ஒரு இடத்தில் சொல்கிறார்கள். மகன் கடன் வாங்கத் தயாராகிவிட்டான். போடலாமா?

வேண்டாம். உங்கள் மகனிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

ஆட்டிசத்துக்கு நிரூபணமான ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இல்லை. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தோ எடுத்த செல்களை மாற்றுவது பல பத்தாண்டுகளாக நடக்கிற, உயிர் காக்கிற சிகிச்சை. கருவிழி, தோல் என்று இன்னும் ஒன்றிரண்டு இடங்களில் பயன் உண்டு. மற்றவை பெரும்பாலும் ஆராய்ச்சிக் கட்டத்தில் இருப்பவை. ஒரே ஊசி மூட்டுவலிக்கும் ஆகும், பக்கவாதத்துக்கும் ஆகும், ஆட்டிசத்துக்கும் ஆகும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 'இது ஆராய்ச்சி, ஆனால் பணம் கட்டணும்' என்றாலும் அப்படியே.

பக்கவிளைவே இல்லை என்பார்கள், நம்பாதீர்கள். தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்'லை அமெரிக்காவில் மூன்று பெண்கள் இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்டு பார்வை இழந்தது 2017-இல் மருத்துவ இதழில் வந்தது. நரம்பு நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு வெளிநாட்டில் செலுத்திய செல்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டியாக வளர்ந்தன, 2009-இல் வந்த அறிக்கை அது. எதுவாகவும் ஆகக்கூடிய செல் என்றால் கட்டியாகவும் ஆகும். பேரனுக்குப் பேச்சுப் பயிற்சியும் தினசரிச் செயல் பயிற்சியும் தொடரட்டும், கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால் அதற்கு வாங்கட்டும்.

முட்டையும் இல்லாமல் விந்தணுவும் இல்லாமல் ஆய்வகத்தில் கருவை உண்டாக்கிவிட்டார்களாமே, உண்மையா?

கருவைப் போன்ற ஒன்றை. 2023-இல் இஸ்ரேலின் வைஸ்மேன் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னாவின் குழு, ஸ்டெம் செல்களை மட்டும் சேர்த்து, 14-ஆம் நாள் மனிதக் கருவின் அமைப்பை ஒத்த ஒன்றை வளர்த்தது. அது சுரந்த ஹார்மோனைக் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் சோதித்தபோது 'பாசிட்டிவ்' காட்டியது. இது குழந்தையாக வளராது, வளர்ப்பதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. நிஜக் கருவைத் தொடாமல் அந்த மூன்றாவது வாரத்தைப் பார்க்க இது வழியாகலாம் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஆசிரியர் ஐயா கேட்ட அந்த 14 நாள் இதற்குப் பொருந்துமா என்றால், நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதே சிக்கல், முட்டையும் விந்தணுவும் சேர்ந்த நாள் என்று ஒன்று இதற்கு இல்லை. இப்படிப்பட்டதை மனிதரின் கருப்பையிலோ விலங்கின் கருப்பையிலோ வைக்கவே கூடாது என்றும், தனித்து உயிர் வாழக்கூடிய நிலை வரை வளர்க்கக் கூடாது என்றும் நான் முன்னே சொன்ன சர்வதேசச் சங்கம் 2025-இல் எழுதிவைத்திருக்கிறது. நாடுகளின் சட்டங்களில் பெரும்பாலும் இதற்கு இன்னும் ஒரு பெயர்கூட இல்லை.